சங்கு ஊதுவதற்கு முன்னால்

எங்கள் பக்கத்தில், அரசலாற்றுக்கும் திருமலைராஜன் ஆற்றுக்கும் இடைப்பட்ட ஊர்களில், ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால் என்ன செய்யவேண்டும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சங்குச் சத்தம் கேட்ட சற்று நேரத்துக்குள் ஒருவர் பாடைக்கு மூங்கில் வெட்டப் போயிருப்பார். ஒருவர் பந்தல்காரருக்கும் குளிர்ப்பெட்டிக்கும் சொல்லியிருப்பார். வெளியூர் உறவுகளுக்குக் கேதம் சொல்லும் பொறுப்பை இன்னொருவர் கைபேசியோடு திண்ணையில் உட்கார்ந்து ஏற்றுக்கொண்டிருப்பார். இழவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் பக்கத்து வீட்டிலிருந்து காப்பி வரும்; பிணம் எடுத்த பிறகு பங்காளிகளோ சம்பந்திகளோ சோறாக்கிப் போடுவார்கள். அந்தத் தெருவில் அன்றைக்கு நடவு இருந்தாலும் நிறுத்திவிடுவார்கள். பால் தெளிப்பிலிருந்து பதினாறாம் நாள் கருமாதி வரையில் துக்கப்பட்ட குடும்பத்தைத் தனியே விடாமல் ஊர் தாங்கிக்கொள்ளும். இதை நான் பெரிய மனிதப் பண்பாகவே மதிக்கிறேன்.

ஆனால் இத்தனை தெரிந்த ஊருக்கு, அந்தச் சங்கு ஊதுவதற்கு முந்தைய சில மாதங்களில் ஒரு வீடு எப்படி இருக்கிறது என்பது தெரிவதில்லை. தீராத நோய் என்று தெரிந்ததும் அந்த வீடு மெல்லக் கதவைச் சாத்திக்கொள்கிறது. நோயாளியிடம் என்ன பேசுவது என்று தெரியாததால் வருகிறவர்களும் குறைகிறார்கள். ஊர் கொடுக்கும் பரிவில் பெரும்பங்கு, அதைப் பெற்றுக்கொள்ள வேண்டியவர் போன பிறகே வந்து சேர்கிறது. என் தாயாரைக் கடைசிக் காலத்தில் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டபோது நான் கண்டதையும் கற்றதையும் இங்கே எழுதுகிறேன். இன்றைக்கு அதே நிலையில் இருக்கும் ஏதாவது ஒரு வீட்டுக்கு இதில் ஒரு பகுதியாவது பயன்படும் என்று நம்புகிறேன்.

அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கூட்டி, தானும் சேற்றில் இறங்கி நின்று வேலை வாங்கியவர். அந்தத் தலைமுறைப் பெண்கள் பலரையும்போல வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்ளும் பழக்கம் அவருக்கும் இருந்தது. இடது கன்னத்தின் உட்புறத்தில் வந்த ஒரு புண் ஆறவில்லை. தஞ்சாவூரில் அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து ஓராண்டு ஆவதற்குள் கழுத்து நெறிகளில் நோய் மறுபடி வந்துவிட்டது. எங்கள் பகுதியின் வெற்றிலைக்கு நல்ல பெயர் உண்டு. குறை அந்த இலையில் இல்லை. புகையிலை மட்டுமின்றிப் பாக்கும் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வாயில் வந்த புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லை என்றால், வலி இருக்கிறதோ இல்லையோ, மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

மறுபடி வந்த நோயைப் பார்த்த மருத்துவர், "இனிமேல் செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார். அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வாக்கியத்தைச் சுமந்துகொண்டு பேருந்தில் வீடு திரும்பியவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். சில நாள் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்த செவிலியர் அதைத் திருத்திச் சொன்னார்: "நோய்க்குச் செய்யறதுதான் முடிஞ்சிருக்கு அய்யா. அம்மாவுக்குச் செய்யவேண்டியது நிறைய இருக்கு." அவர், 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாற்றுபவர். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தரும் திட்டமாகவே அதை எங்கள் ஊரில் பலரும் அறிவார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி நிவாரணம் மற்றும் ஆதரவு சிகிச்சை என்ற பெயரில் செவிலியரும், தேவைப்பட்டால் இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வருவது அந்தத் திட்டத்தின் ஒரு பகுதி என்பது பலருக்குத் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். தயங்காமல் கேட்க வேண்டும்.

வலியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கழுத்தும் தாடையும் சேர்ந்து வலித்ததால் அம்மாவால் படுக்கவே முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சுவரில் சாய்ந்தபடியே இரவுகளைக் கழித்தார். "வயசான கட்டை, கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்" என்றும், "கர்மாவைக் கழிச்சுத்தானே ஆகணும்" என்றும் ஆறுதலாக நினைத்துச் சொன்னவர்கள் உண்டு. வலியில் துடிக்கும் ஒருவரின் காதில் விழும்படி இந்த வார்த்தைகளைச் சொல்லவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். புற்றுநோய் வலியைப் படிப்படியாக எப்படித் தணிக்கவேண்டும் என்ற வழிமுறையை உலக சுகாதார அமைப்பு 1986-லேயே வெளியிட்டுவிட்டது. கடுமையான வலிக்கு அதில் சொல்லப்பட்ட மருந்து, அபினியிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபின். மருத்துவத்துக்காகச் சட்டப்படி அபினிப் பயிர் செய்யும் மிகச் சில நாடுகளில் நம்முடையதும் ஒன்று. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் உரிமம் பெற்ற விவசாயிகள் அதை விளைவிக்கிறார்கள். அப்படியிருந்தும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கி வைக்கவே தயங்கிய காலம் நீண்டது. 2014-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கினார்கள். இன்னமும் எல்லா மருந்துக்கடையிலும் அது கிடைக்காது. அனுமதி பெற்ற மருத்துவமனையில் பயிற்சி பெற்ற மருத்துவர் எழுதித் தரவேண்டும். எங்கே கிடைக்கும் என்பதை, வலி முற்றுவதற்கு முன்பே செவிலியரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

மார்ஃபின் என்றதும் உறவில் சிலர் பதறினார்கள். பழகிப்போய் அடிமையாகிவிடுவார்கள் என்றும், அதைக் கொடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்றும் சொன்னார்கள். மருத்துவர் சொன்ன அளவில் வலிக்காகக் கொடுக்கும்போது இரண்டுமே பெரும்பாலும் நடப்பதில்லை. எங்களுக்கு முக்கியமாக மூன்று அறிவுரைகள் கிடைத்தன. வலி வந்த பிறகு கொடுக்காமல், வலி வருவதற்கு முன்பே நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கவேண்டும். முதல் சில நாள்களில் வரும் தூக்கக் கலக்கத்தையும் குமட்டலையும் கண்டு பயந்து நிறுத்திவிடக்கூடாது. மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்பதால் அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துத் தரவேண்டும். இந்த மூன்றாவதைப் பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். பிறகு வயிற்று உபத்திரவம் தாங்காமல் நல்ல மருந்தையே நிறுத்தச் சொல்கிறார்கள்.

மருந்து பிடிபட்ட பிறகு அம்மா காலை நீட்டிப் படுத்து உறங்கினார். உறக்கம் வந்ததும் பேச்சும் வந்தது. நாக்குப் புரளாமல் குழறினாலும் எங்களுக்குப் புரிந்தது. அவர் பேசியதெல்லாம் கணக்கு. சீட்டில் யாருக்கு எவ்வளவு பாக்கி, கோயில் திருப்பணிக்கு ஒப்புக்கொண்ட நெல் எத்தனை மூட்டை, இரவல் வாங்கிய அண்டா யாருடையது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார். கை மாற்றாகப் பணம் கொடுத்தபோது இரண்டு மூன்று பெண்கள் ஈடாக வைத்துவிட்டுப் போன தோடும் மூக்குத்தியும் அவருடைய டிரங்குப் பெட்டியில் துணி முடிச்சில் இருந்தன. அசலும் வேண்டாம், வட்டியும் வேண்டாம், உரியவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடு என்றார். அவர்கள் வந்து வாங்கிக்கொண்டபோது உட்கார்ந்து பார்த்தார். வலி தணிப்பதால் என்ன பெரிய பயன், போகிற உயிர் எப்படியும் போகத்தானே போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். வலி குறைந்தால் ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே முடித்துவைக்கும் தெம்பைப் பெறுகிறார்.

அடுத்தது புண். கழுத்தில் உடைந்து வெளியே வந்த புண்ணின் வாடைதான் அம்மாவை வலியைவிட அதிகமாக வாட்டியது. வந்தவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டதை அவர் கவனித்தார். அதன்பிறகு யாரையும் பார்க்க மறுத்தார். இதற்கும் எளிய வழி இருந்தது. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணின்மேல் தூவும்படி, மருத்துவரைக் கேட்டுச் செவிலியர் சொன்னார். சில நாளிலேயே வாடை பெருமளவு அடங்கியது. கொதிக்க வைத்து ஆறிய உப்புநீரால் கழுவுவது, பழைய பருத்தி வேட்டியைச் சதுரமாகக் கிழித்துத் துவைத்துக் காயவைத்து பிரஷர் குக்கரில் அவித்து எடுப்பது, ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல் நனைத்து எடுப்பது, ஈ அண்டாமல் பகலிலும் கொசுவலை கட்டுவது என்று அவர் எனக்கும் என் மனைவிக்கும் கற்றுத் தந்தவற்றில் விலையுயர்ந்த பொருள் எதுவும் இல்லை. இன்னொன்றும் சொன்னார். கழுத்துப் புண்ணில் திடீரென்று இரத்தம் வரக்கூடும், வெள்ளைத் துணியில் அதைப் பார்த்தால் அம்மாவும் பயப்படுவார், நீங்களும் பயப்படுவீர்கள், அதனால் கரும்சிவப்பில் கனமான ஒரு துண்டைக் கட்டிலுக்கு அருகிலேயே வைத்திருங்கள் என்றார். அப்படியொரு துண்டைக் கடைவீதியில் தேடி வாங்கினேன். நல்லவேளையாக அதற்கு வேலை வரவில்லை. ஆனாலும் நடக்கப்போவதை முன்கூட்டியே யோசித்து, பயத்தைக் குறைப்பதற்கென்று ஒரு துணியின் நிறத்தைக்கூடத் தேர்ந்து சொல்லும் அந்த அக்கறையை நான் மறக்கமாட்டேன். கருணை என்பது மனத்தில் ஊறும் உணர்ச்சி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதைப் பாடம்போலக் கற்றுக்கொள்ளவும் கற்றுத்தரவும் முடியும் என்பது அப்போது விளங்கியது.

தாய்க்கு மகன் சேலை மாற்றுவதும் உடம்பு துடைப்பதும் எங்கள் வழக்கத்தில் இல்லை. என் மனைவி சத்துணவு மையத்தில் வேலை பார்ப்பதால் காலையில் கிளம்பிவிடுவார். ஊர்ப்புற நூலகத்தைத் திறந்துவைத்துவிட்டு வீட்டுக்கும் அங்குமாக நடந்துகொண்டிருந்தவன் நான். முதலில் அம்மாவுக்குத்தான் கூச்சமாக இருந்தது. அந்தச் சமயத்தில் உதவிக்கு வந்தவர், அம்மாவோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடவு நட்ட ஒரு பெண்மணி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனித் தெருவில் இருப்பவர். செய்தி கேட்டு, எப்போதும்போலக் கொல்லைப்பக்கமாக வந்து நின்று, "ஆச்சியைப் பார்க்கலாமா தம்பி" என்று கேட்டார். வாசல் வழியாக உள்ளே வரச்சொன்னபோது அவர் தயங்கியது அவருடைய குறையன்று; அத்தனை ஆண்டுகள் அவரை அங்கே நிறுத்திவைத்த எங்கள் தெருவின் குறை. படுக்கையில் இருப்பவரை ஒரு பக்கமாகத் திருப்பி, முதுகுக்குக் கீழே விரிப்பைச் சுருட்டி வைத்து, மறுபக்கம் திருப்பி அதை உருவியெடுக்கும் முறை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பக்கவாதம் வந்த கணவரை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டவர் அவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்தால் படுக்கைப்புண் வராது என்பதும், எலும்பு துருத்தும் இடங்களை அழுத்தித் தேய்க்கக்கூடாது என்பதும், முழங்கால்களுக்கு நடுவில் சிறு தலையணை வேண்டும் என்பதும் செவிலியர் சொல்வதற்கு முன்பே அவர் கையில் இருந்தன. தன் உடம்பைத் தொட அம்மா தயங்காமல் ஒப்புக்கொடுத்தது அவரிடம் மட்டும்தான். அவருக்குக் கூலி கொடுக்கவேண்டும் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். அன்பாகச் செய்வதற்குக் காசு கொடுத்தால் அவமதிப்பாகும் என்று ஒரு உறவினர் சொன்னார். தன் அன்றைய வேலையை விட்டுவிட்டு வருகிறவரின் வயிற்றைப் பற்றி யோசிக்காமல் அன்பைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பார்க்க வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலரும் நல்ல மனத்தோடுதான் வந்தார்கள். ஆனால் எச்சில் விழுங்கவே முடியாதவருக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தார்கள். கூடத்தில் நின்றுகொண்டு, அறைக்குள் கேட்கும்படி, "டாக்டர் எத்தனை நாள் சொல்லியிருக்காரு" என்று விசாரித்தார்கள். இதே நோயில் போனவர்களின் கதைகளைக் கட்டில் பக்கத்திலேயே சொன்னார்கள். தொற்றிக்கொள்ளும் என்று பயந்து எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்களும் உண்டு. புற்றுநோய் தொட்டாலோ ஒரே தம்ளரில் குடித்தாலோ ஒட்டும் நோயன்று. "ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க" என்ற வார்த்தையை அம்மா வெறுத்தார். அவருக்குத் தன் நிலை தெரிந்திருந்தது. அதைப் பற்றிப் பேச வாய்த்த ஒரு வாய்ப்பையும் அந்த வார்த்தை அடைத்துவிட்டது. அவருக்குப் பிடித்தது, வந்து உட்கார்ந்து குறுவை எப்படிக் கண்டது, மேட்டூரில் எத்தனை அடி நிற்கிறது, யார் வீட்டு மாடு கன்று போட்டது என்று வழக்கம்போலப் பேசிவிட்டுப் போகிறவர்களைத்தான்.

எனக்கு உதவியவர்களை நினைத்துப் பார்த்தால், அவர்களில் யாரும் பெரிதாக எதையும் பேசவில்லை. பக்கத்து வயல்காரர் என் முறைத் தண்ணீரையும் தானே பாய்ச்சிவிட்டு வந்து தகவல் மட்டும் சொன்னார். சித்தப்பா மகன் சனிக்கிழமை இரவுகளில் வந்து, "அண்ணே, நான் உட்கார்றேன், நீங்க போய்ப் படுங்க" என்பான். பார்த்துக்கொள்கிறவர் காதில் விழக்கூடிய வார்த்தைகளிலேயே இனிமையானது அதுதான். தூக்கமில்லாமல் பார்த்துக்கொள்கிறவருக்குக் கோபம் வரும், எப்போது முடியும் என்ற எண்ணம்கூட வரும்; அப்படி வருவதால் அவர் கெட்டவராகிவிடமாட்டார். ஆகையால் "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். களைத்துப்போனவரால் எதையும் யோசித்துக் கேட்க முடியாது. எந்த வேலையை, எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

மூச்சுத் திணறல் வந்த ஒரு நாளில் உறவினர்கள் வற்புறுத்தியதால் நகரத்திலுள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து, குழாய் போட்டுச் செயற்கைச் சுவாசம் கொடுக்கலாம் என்றார்கள். குணமாகுமா என்று கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை. "பணத்தைப் பார்க்காதே, ஊர் என்ன சொல்லும்" என்ற குரல்கள் என்னைச் சூழ்ந்தன. அம்மா முன்பே, நினைவு தெளிவாக இருந்தபோது, நாங்கள் மூன்று பிள்ளைகளும் இருக்கையில், "எங்க கொண்டுபோனாலும் இங்கதானே கொண்டாரப் போறீங்க, என்னை இந்தக் கூடத்துலயே விட்டுடுங்க" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு பேச்சு இருந்ததால் நாங்கள் மூவரும் ஒரே முடிவாக அவரைத் திரும்ப வீட்டுக்கு அழைத்துவர முடிந்தது. கண்ணியமாக இறப்பதும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2018 மார்ச் 9-ஆம் தேதி தீர்ப்பளித்தது. தேறமுடியாத நிலையில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்றும் அது சொன்னது. 2023 ஜனவரியில் அந்த நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றார்கள். எழுதுவது ஒருபுறம் இருக்கட்டும். பிள்ளைகள் எல்லாரையும் உட்காரவைத்து வாயால் சொல்லிவிட்டாவது போகவேண்டும். சொல்லாமல் போனால் அந்த முடிவின் பாரத்தை மகனோ மகளோ ஆயுள் முழுதும் தனியாகச் சுமக்க நேரிடும்.

கடைசி நாள்களில் என்ன நடக்கும் என்று செவிலியர் முன்பே சொல்லியிருந்தார். சாப்பாடு குறையும், உடல் கேட்காதபோது திணிக்கக்கூடாது. கைகால் குளிரும். மூச்சு நின்று நின்று வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். அது பக்கத்தில் இருப்பவர்களை வருத்தும் அளவுக்கு நோயாளியை வருத்துவதில்லை, ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். காது கடைசிவரை கேட்கக்கூடும் என்பதால் அருகில் பேசுவதை யோசித்துப் பேசவேண்டும். இவை தெரிந்திருந்ததால், நினைவு தப்பியபோது நாங்கள் அலறிக்கொண்டு வண்டி தேடவில்லை. ஆனால் ஒன்றுக்கு நாங்கள் தயாராக இல்லை. செய்தி கேட்டு வந்த உறவுகள் ஒவ்வொருவராகப் பால் ஊற்ற வேண்டும் என்றார்கள். போகிற உயிருக்குப் பால் ஊற்றி வழியனுப்புவது எங்கள் வழக்கம். அதைச் செய்யாவிட்டால் கடன் தீரவில்லை என்று காலமெல்லாம் வருந்துவார்கள். நினைவற்றவரின் வாயில் ஊற்றும் பால் மூச்சுக்குழாயில் இறங்கி அவரைத் திணறடிக்கும் என்பதும் உண்மை. கடைசியில் என் மனைவி ஒரு வழி கண்டார். பாலைக் கிண்ணத்தில் வைத்து, அதில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, அம்மாவின் உதட்டை ஈரப்படுத்தச் சொன்னார். உலர்ந்து வெடித்திருந்த உதட்டுக்கு அது இதமாகவும் இருந்தது. எல்லாரும் செய்தார்கள். சடங்கை எதிர்த்து வாதாடாமல், அதன் உள்ளே இருக்கும் பாசத்துக்கு நோயாளியை வருத்தாத ஒரு வழியைக் காட்டினால் மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை நான் அங்கே கண்டேன். மறுநாள் விடியற்காலையில் அம்மா போய்ச் சேர்ந்தார்.

பிறகு செய்யவேண்டிய அலுவல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் இயற்கையாக இறந்தாலும், பார்த்துவந்த மருத்துவரிடம் இறப்புக்கான காரணத்தை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். ஊராட்சிப் பகுதிகளில் அதைச் செய்பவர் கிராம நிர்வாக அலுவலர். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் நாள் ஓடிவிடும். பெயரின் எழுத்துகள் ஆதாரிலும் பட்டாவிலும் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபார்த்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலைக் கட்டணமின்றி வீட்டுக்குக் கொண்டுவரும் அமரர் ஊர்தியை 155377 என்ற எண்ணில் அழைக்கலாம். 108 வண்டி உயிரோடு இருப்பவர்களுக்கானது.

அது கார்த்திகை மாதம். எங்கள் சுடுகாட்டில் விராட்டியும் வைக்கோலும் அடுக்கி, மேலே களிமண் பூசி மூட்டம் போடுவார்கள். அது இரவெல்லாம் நின்று எரியவேண்டும். சாரல் அடித்துக்கொண்டிருந்ததால், தகனம் செய்யும் முதியவர் வீட்டுக்குப் போகாமல் கொட்டகையிலேயே விழித்திருந்து, மண் கரைந்த இடத்திலெல்லாம் மறுபடி பூசி, காலையில் நாங்கள் பால் தெளிக்கப் போனபோது எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்து வைத்திருந்தார். அவருடைய கூலியைத்தான் எங்கள் பங்காளிகளில் சிலர் பேரம் பேசினார்கள். பந்தலுக்கும் பூமாலைக்கும் பிளெக்ஸ் பேனருக்கும் பேசாத பேரம் அது. பெற்றவளின் உடலை இரவெல்லாம் காத்தவரிடம் பேரம் பேசுவதைப்போல வெட்கப்படத்தக்க செயல் வேறில்லை. கூலியை வீட்டுக்காரரே முன்கூட்டிக் கேட்டு, ஒப்புக்கொண்டு, கையில் கொடுத்துவிட வேண்டும். பறையடிப்பவர்களுக்கும் அப்படித்தான், அவர்களுக்கான சாப்பாடும் மற்றவர்களுக்குப் போடும் அதே நேரத்தில், அதே பந்தியில் இருக்கவேண்டும்.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட அந்தப் பெண்மணியின் தெருவுக்குச் சுடுகாடு வாய்க்காலைத் தாண்டி இருக்கிறது. அங்கே போகப் பாதை கிடையாது; வரப்புதான் வழி. கோடையில் சமாளித்துவிடலாம். ஐப்பசி கார்த்திகையில் யாராவது இறந்தால், நட்ட சம்பா வயலில் முழங்காலளவு தண்ணீரில் பாடையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவருடைய கணவரின் உடலும் அப்படித்தான் போனது. என் தாயின் உடம்பைக் கண்ணாடிப் பாத்திரம்போல ஏந்திய கைகளுக்குரியவர், தன் வீட்டுச் சாவை அந்தச் சேற்றில் சுமந்து போகவேண்டியிருப்பதை அறிந்த பிறகும், எங்கள் ஊர் சாவு வீட்டுக்கு நன்றாகச் செய்யும் ஊர் என்று என்னால் முழு மனத்தோடு சொல்ல முடியவில்லை. பாதைக்கு நிலம் விடவேண்டிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எங்கள் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டோம். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமும் போட்டாயிற்று. மற்ற இரண்டு நிலக்காரர்களிடம் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. தீர்மான நகலை எடுத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் போய்வருகிறோம்.

கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் வலி தணிப்புக்கென்று தொடங்கிய சிறு அமைப்பு, பிறகு அக்கம்பக்கத்துச் சாதாரண மக்களே பயிற்சி பெற்று நோயாளிகளின் வீடுகளுக்குப் போகும் இயக்கமாக வளர்ந்தது. 2008-இல் அந்த மாநில அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. எங்கள் ஊரில் அவ்வளவு பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. அம்மாவுக்கு வாங்கிய காற்றுப் படுக்கை, கழிப்பறை நாற்காலி, தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் ஆகியவற்றை நூலகத்தின் பின்னறையில் வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் எடுத்துப்போய், முடிந்ததும் கழுவித் திருப்பித் தருகிறார்கள். இன்னும் இரண்டு குடும்பங்கள் சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. செவிலியரின் எண்ணையும், இரவில் துணைக்கு உட்கார ஒப்புக்கொண்டவர்களின் பெயர்களையும் அங்கே எழுதி வைத்திருக்கிறோம். அதில் வாய்க்காலின் இரு பக்கத்தவரும் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் நோய் முற்றிவிட்டது என்று தெரிந்தால், யாராவது ஒருவர் போய் எந்த வேலையைத் தான் எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டுவிட்டு வரவேண்டும் என்பதே எங்களுக்குள் இருக்கும் ஒப்பந்தம்.

இப்போது காற்றுப் படுக்கை வடக்குத் தெருவில் ஒரு பெரியவரிடம் இருக்கிறது. மின்சாரம் நின்றால் அதன் மோட்டாரும் நின்றுபோய், படுக்கை தளர்ந்துவிடுகிறது என்று அவருடைய மகன் சொன்னார். மழைக்காலம் வருவதற்குள் ஒரு பழைய இன்வெர்ட்டரையாவது வாங்கவேண்டும் என்று பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.